இருப்பில் உள்ளது

பத்தூமியில் மழை பெய்யாத நாளைத்தான்
நாங்கள் நாட்குறிப்பில் எழுதுவோம்.
அப்படியொரு நாளில்
கட்டுமான வாசலில் இரண்டு கம்பங்கள் நட்டார்கள்.
துருக்கியிலிருந்து வந்த பொறியாளர் ஃபெர்ரூஹ்
உள்ளங்கையில் ஒரு வில்லையை வைத்துக் காட்டினான்,
கோட்டுப் பொத்தானைவிடச் சற்றே பெரிது.
கம்பிக் கட்டுக்கு ஒன்று, குழாய்ச் சுமைக்கு ஒன்று;
எங்கே கிடக்கிறேன் என்று அதுவே சொல்லுமாம்.
விலை கேட்டேன்.
ஒன்றென்றால் ஒன்றுமேயில்லை என்றான்.
ஒன்பதாயிரம் என்றால்?
மழை வருகிறதா என்று
வானத்தைப் பார்த்தான்.

அதுவரை கிடங்கு என் தலைக்குள் இருந்தது.
பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பி கிரேனுக்கு வடக்கே.
விளிம்புடைந்த ஓடுகள் கழிப்பறைக்குப் பின்னால்.
இத்தாலிய வளைகுழாய்கள் என் மேசைக்கடியில்,
என் கால்களின் காவலில்.
லம்சீராவுக்குக் காய்ச்சல் வந்தால்
கட்டடமே படுத்துக்கொள்ளும் என்பார்கள்.
அதில் எனக்குக் கர்வம் இருந்தது.

முதல் மாதம் கருவி தோற்றது.
இரும்புக் காட்டில் அலை வழி தவறுகிறது;
பதினொரு கட்டுக் கம்பி
கருங்கடலுக்குள் நிற்பதாகத் திரை காட்டியது.
கிரேன்காரன் ஒத்தாரி
கரைவரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தான்,
சிரிப்பதற்காகவே.

இரண்டாம் மாதம் அது பழகிக்கொண்டது.
மின்தூக்கித் தண்டவாளம் இன்னும் வரவில்லையென்று
கத்துவதற்குத் தொலைபேசியை எடுத்த மேலாளரிடம்
வந்து நான்கு நாள் ஆகிறது,
தார்ப்பாய்க்குக் கீழே பார் என்றது.
வாங்கியதையே வாங்குவது நின்றது.
தேடித் திரிந்த கால்கள் நின்றன.
அந்தக் கால்கள் ஆறு. அதாவது மூன்று பேர்.
அடுத்த சம்பளப் பட்டியலில் அவர்கள் இல்லை.
‘சேமிப்பு’ என்ற கட்டத்தில் இருந்தார்கள்,
பெயர் இல்லாமல்.

மேட்டுத்தெரு நஸீப்ரோலா
வெட்டி மிஞ்சிய தகரத்தை எடுத்துப்போவாள்,
ஒழுகும் கூரைக்கு.
நான் ‘கழிவு’ என்று எழுதுவேன்.
அந்த வாரம் அவள் வாசலைக் கடந்தபோது
கம்பங்கள் கூவின.
தகரத்தைத் தரையில் வைத்துவிட்டு
இரு கைகளையும் மேலே தூக்கினாள் அந்தப் பெண்,
யாரும் தூக்கச் சொல்லவில்லை.

மூன்றாம் மாதம்,
பழைய பெட்டகங்களுக்கும் வில்லை ஒட்ட வேண்டும்,
எல்லாவற்றையும் வெளியே எடுங்கள் என்றான் ஃபெர்ரூஹ்.
ஏழாம் பெட்டகத்தில்
அச்சுப் பலகைகளுக்குப் பின்னால்
பச்சை படர்ந்து உட்கார்ந்திருந்தன
பதினான்கு செப்புச் சுருள்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்
அவை திருட்டுப்போனதாக எழுதியது என் பேனா.
இரவுக் காவல் ஜும்பெரியை
அனுப்பிய தாளிலும் என் கையெழுத்து.
எல்லாம் என் தலைக்குள் இருந்தது என்றேனே,
ஏழாம் பெட்டகம் இருக்கவில்லை.

சந்தையில் அவன் இப்போது நெத்திலி விற்கிறான்.
சுருள்கள் கிடைத்துவிட்டன என்றேன்.
‘எத்தனை?’
பதினான்கு.
‘சரியாகத்தான் இருக்கிறது.’
ஒரு கிலோ கேட்டேன்.
முள் நடுவில் நிற்கும்வரை
ஒவ்வொரு மீனாக வைத்தான், ஒன்றை எடுத்தான்.
எனக்கு முன்னால் வாங்கியவளுக்கு
ஒரு கை அள்ளிக் கொசுறு போட்டவன்
எனக்குப் போடவில்லை.

நிறுவனம் அவனுக்கு ஒரு கடிதம் அனுப்பியது.
கருவிக்கான செலவு
பதினெட்டு மாதத்தில் திரும்பிவிடும் என்று
அதே வாரம் இன்னொரு கடிதம்,
அதற்குச் சட்டம் போட்டு மாட்டினார்கள்.
எனக்கு வேலை போகவில்லை;
இப்போது திரையைத் துடைத்துப் படிக்கிறேன்.

நேற்று ஒத்தாரி கூப்பிட்டுக் காட்டினான்.
ஒன்பதாம் மாடித் தூண் வார்த்தபோது
கழற்ற மறந்த வில்லை ஒன்று
கான்கிரீட்டுக்குள் போய்விட்டது.
மின்கலம் இன்னும் மூன்று வருடம் தாங்கும்.
இந்த மாதமே அந்த மாடியில் குடிவருகிறார்கள்,
கட்டில் போடுவார்கள், சண்டை போடுவார்கள்,
தூணில் ஆணி அடிப்பார்கள்.
உள்ளிருந்து அது
நிமிடத்துக்கு ஒருமுறை எனக்குச் சொல்கிறது:
கம்பிக் கட்டு நாற்பத்தொன்று,
பயன்படுத்தப்படவில்லை,
இருப்பில் உள்ளது.